பேசாத பையன், ஓயாத பந்து: டியூஷனா, ஃபுட்பாலா?

கேள்வி: வணக்கம் மேடம். பெங்களூரில் அல்சூர் பக்கம் குடியிருக்கிறோம். என் அக்கா போன வருஷம் உடம்பு முடியாமல் தவறிவிட்டாள். மாமா குடிகாரர். அவர் அக்காவை அடித்ததைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இரண்டும் இப்போது என்னிடம் இருக்கிறார்கள். பெரியவனுக்கு 10 வயது. வீட்டில் வாயே திறப்பதில்லை. சாயங்காலம் ஆனால் கௌதமபுரத்தில் ஃபுட்பால். அங்கே மட்டும் ஆளே வேறு. ஆனால் தோற்றால் பாட்டிலை எறிகிறான், யாரையாவது அடித்துவிடுகிறான். கணக்கில் 100க்கு 18. ஆட்டத்தை நிறுத்திவிட்டு டியூஷனில் போடுங்கள் என்கிறார் டீச்சர். 'பந்து சோறு போடுமா' என்கிறார் என் அம்மா. சின்னவளுக்கு 5 வயது. பொம்மையை வைத்துக்கொண்டு தினமும் 'அப்பா அடிக்கிறார்' விளையாட்டுதான். பார்க்கவே பயமாக இருக்கிறது. இருவரையும் தடுக்கட்டுமா? இன்னொன்று, பையன் ஸ்டட் ஷூ கேட்கிறான். வாங்கலாமா?

பதில்: இருவரையும் தடுக்க வேண்டாம். டியூஷன் தாராளமாகப் போடுங்கள், ஆனால் மைதான நேரத்தைப் பிடுங்கி அதில் போடாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். டீச்சரிடமும் உங்கள் அம்மாவிடமும் நீங்கள் பேச வேண்டியிருக்குமே.

அடி விழும் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் காது எப்போதும் விழித்தே இருக்கும். கேட் திறக்கும் சத்தம், படியில் செருப்பு தேயும் சத்தம், இவற்றை வைத்தே 'இன்றைக்கு எப்படி வருகிறார்' என்று கணக்குப் போடப் பழகியிருக்கும். நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும். இப்போது உங்கள் வீட்டில் யாரும் அடிப்பதில்லை என்பது அவன் புத்திக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் தெரியாது. பாதிக் காது வாசலில் இருக்கும் பையனுக்குப் பின்னம் எப்படி ஏறும்? அந்த 18 மார்க்கில் இதற்கும் பங்கு உண்டு.

மைதானத்திலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். ஆனால் அந்தப் படபடப்புக்கு அங்கே ஒரு முடிவு உண்டு. விசில் அடித்ததும் நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தரையில் மல்லாந்து படுத்துக் கிடக்கலாம். எகிறிய உடம்பு பத்திரமாக இறங்கி வருவதை அவன் நாளுக்குப் பத்து முறை பழகுகிறான். அப்புறம் சட்டதிட்டம். எது தப்பு என்பது அவன் பழைய வீட்டில் அப்பா எவ்வளவு குடித்தார் என்பதைப் பொறுத்து மாறியிருக்கும். மைதானத்திலோ கோட்டைத் தாண்டிய பந்து நேற்றும் அவுட், இன்றும் அவுட். போதாததற்கு, அங்கே மனதில் இருப்பதைச் சொல்லு என்று யாரும் உயிரை வாங்குவதில்லை. 'பாஸ்' என்ற ஒரு சொல் போதும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நம் தெருவில் இதற்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஏழாங்கல் ஆடும்போது (பெங்களூரில் லகோரி என்றால்தான் புரியும்) விளையாடத் தெரியாத பொடிசு ஒன்று அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வோம்? 'சரி, நீ உப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். ஓடலாம், பந்தைத் தொடலாம், அவுட் மட்டும் கிடையாது. தோல்வியின் பாரம் இல்லாமல் கூட்டத்தில் ஒருவராக இருக்கும் அந்த இடத்தைத்தான் இன்று பெரிய பெரிய பயிற்சித் திட்டங்கள் போட்டு உருவாக்கப் பார்க்கிறோம். எந்தக் கிழவி கண்டுபிடித்தாளோ, அவளுக்கு ஒரு டாக்டர் பட்டம் தரலாம்.

நான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு வயது. இரண்டு வாரம் கோட்டுக்கு வெளியே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே நின்றான். கூப்பிட்டால் வரமாட்டான். அங்கிருந்த கோச் அவனை வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரம் தண்ணீர் கேனையும் ஒரு பழைய பந்தையும் அவன் காலடியில் வைத்து, 'இது ரெண்டும் உன் பொறுப்பு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையன் ஒரு காலைப் பந்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். அடுத்த நாள் அந்தக் கால் பந்தை மெல்ல முன்னும் பின்னும் உருட்டியது. ஐந்தாம் நாள் கோட்டைத் தாண்டி வந்த பந்தை உள்ளே உதைத்தான். 'சூப்பர்' என்று கத்தாமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாரே, அதற்காகவே அந்த கோச்சை எனக்குப் பிடிக்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. பந்து தானாக எதையும் ஆற்றாது. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோரோ பாட்டியோ டீச்சரோ, கைவிடாமல் கூடவே இருந்த ஒரு பெரியவர். உங்கள் பையனுக்கு அந்த ஆள் நீங்கள். மைதானத்தில் இன்னொருவர் கிடைத்தால் அவன் அதிர்ஷ்டசாலி.

குழு விளையாட்டைப் பற்றி 2019இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. சிறுவயதில் கொடுமையை அனுபவித்தவர்களில், பள்ளிப் பருவத்தில் குழு விளையாட்டு ஆடியவர்களுக்குப் பெரியவர்களானபின் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாகக் காணப்பட்டன. விளையாட்டுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, சேர்ந்து காணப்படுகிறது என்று மட்டுமே சொன்னது. மறுபக்கமும் உண்டு. போரில் நொந்துபோன வடக்கு உகாண்டாவின் குலு நகரில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் லீக் நடத்தி ஆராய்ந்த முடிவு 2014இல் வெளியானது. அதில் ஆடிய பையன்களின் மனநிலை ஆடாதவர்களைவிட மோசமாகவே இருந்தது. நல்ல நோக்கத்தோடு நடத்தினாலும் போட்டியே பிரதானமானால் நொந்த பிள்ளைக்கு அது இன்னொரு அடியாகிவிடக்கூடும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஆகவே உங்கள் பையன் எந்த விளையாட்டு ஆடுகிறான் என்பதைவிட யாரிடம் ஆடுகிறான் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இந்தச் சனிக்கிழமை போய் ஓரமாக உட்காருங்கள். பார்க்க வேண்டியது உங்கள் பையனையோ அங்கே கோல் அடிக்கிற நட்சத்திரத்தையோ அல்ல. இருப்பதிலேயே சுமாராக ஆடும் பையனைப் பாருங்கள். கோச் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அவன் பந்தைக் கோட்டைவிட்டால் என்ன நடக்கிறது? அவனுக்கும் ஆட வாய்ப்பு வருகிறதா, அல்லது கடைசிவரை பெஞ்சிலா? கோச் கை ஓங்குகிறவராக இருந்தால் வேறு இடம் பாருங்கள். 'நாலு தட்டு தட்டினால்தான் ஆட்டம் வரும்' என்று அப்பாக்களே சொல்வார்கள். அடியைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, தனக்குப் பிடித்த ஒரே இடத்திலும் அடிதான் ராஜா என்று தெரிந்துபோனால், அப்புறம் அவனுக்கு ஒதுங்க இடமில்லை. உங்களைப் பார்க்க அனுமதிக்காத கோச், பிள்ளையைத் தனியாக வரச் சொல்கிற கோச், இவர்களிடமும் விடாதீர்கள்.

கௌதமபுரம் என்பதால் ஒரு வார்த்தை. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசாவோடு பெலேவுக்கும் சிலை வைத்த நம் தமிழ்ச்சனம் வாழும் இடம் அது. உலகக் கோப்பை வந்தால் தெருவே பிரேசில் ஆகிவிடும். அங்கிருந்து இந்திய அணிவரை போனவர்கள் உண்டு. அந்தப் பெருமையை உங்கள் பையன் தலையில் இப்போதே ஏற்றாதீர்கள், 'நீ பெரிய பிளேயர் ஆகணும்' என்றும் சொல்லாதீர்கள். சும்மா ஆட ஓர் இடம் இருந்தால் போதும் அவனுக்கு.

தோற்றால் பாட்டில் எறிவதைப் பற்றி. இதை நம் பிள்ளைகள் 'அழுகுணி ஆட்டம்' என்று கேலி செய்வார்கள். இவன் விஷயத்தில் அது வெறும் அழுகுணித்தனமில்லை. தோல்வி என்றால் அடுத்து ஏதோ ஆபத்து என்று அவன் உடம்பு எடுத்துக்கொள்கிறது. எறிந்த கையோடு புத்திமதி சொன்னால் காதில் ஏறாது. தண்ணீர் கொடுங்கள், மைதானத்தை ஒரு சுற்று நடத்திக் கூட்டிவாருங்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு அடங்கியபின், 'எந்த இடத்துல கடுப்பாச்சு?' என்று ஒரே கேள்வி. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அதற்காக அடித்ததை விட்டுவிடக் கூடாது. மறுநாள் போய் அடிபட்டவனிடம் ஸாரி சொல்ல வேண்டும், நீங்களும் கூடப் போங்கள். ஆடும் உரிமையை மட்டும் பறிக்காதீர்கள்.

வீட்டில் தோற்கப் பழக்குவதற்கு தாயமோ கேரமோ போதும். ராத்திரி இருபது நிமிடம். எப்போதும் அவனை ஜெயிக்க விடாதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் தோற்கும்போது, 'சே, கடுப்பா இருக்கு, சரி இன்னொரு ஆட்டம்' என்று வாய்விட்டே சொல்லுங்கள். தோற்ற பெரியவர் ஒருவர் யாரையும் அடிக்காமல் அடுத்த காயை அடுக்குவதை அவன் அநேகமாக இப்போதுதான் முதல்முறை பார்க்கப்போகிறான்.

டீச்சரிடம் என்ன சொல்வது? 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992லேயே இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் சட்டம் பேசினால் டீச்சர் முறுக்கிக்கொள்வார். '5 முதல் 6 வரை மைதானம், 7 மணிக்கு டியூஷன், மூன்று மாதம் பார்ப்போம்' என்று கேளுங்கள், ஒத்துக்கொள்வார். பரீட்சை வாரத்தில் நேரத்தைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. மார்க் குறைந்தால் டிவியை நிறுத்துங்கள், மொபைலை வாங்கி வையுங்கள், பந்தில் மட்டும் கை வைக்காதீர்கள். சோறு போடுமா என்று கேட்கும் அம்மாவிடம், பையன் இப்போது ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குவது ஆடிவிட்டு வரும் நாட்களில்தானா என்று ஒரு வாரம் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டிகளின் கணக்கு தப்பாது.

சின்னவள் விஷயம். பொம்மை அடி வாங்குவது உங்களுக்குப் பயமாக இருக்கிறது; அவளுக்கு அது பேச்சு. ஐந்து வயதில் நடந்ததைச் சொல்ல வார்த்தை போதாது, பொம்மை போதும். 'சீ, என்ன விளையாட்டு இது' என்று பிடுங்கிவிட்டால் அவள் அதை ஒளிந்து விளையாடுவாள். பக்கத்தில் உட்காருங்கள். 'பாப்பா பயந்துபோச்சா? இப்போ யாரு வருவாங்க?' என்று கேளுங்கள். கதவைத் திறந்துகொண்டு ஒரு சித்தி பொம்மையோ பாட்டி பொம்மையோ வருகிறதா பாருங்கள். நாளாக ஆகக் கதை மாறினால், யாராவது காப்பாற்ற வந்தால், பொம்மை தப்பி ஓடினால், நல்லது நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதமாகியும் அதே காட்சி, அதே முடிவு, விளையாடி முடித்ததும் முன்னைவிடக் கலக்கம் என்றால் அது ஆறும் விளையாட்டு இல்லை. அப்போது நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அவளுக்கும் ஓடியாட இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள், பெண்பிள்ளை சுவர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஞாயிறு காலை கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து இருவரையும் அழைத்துப்போய் நீங்களும் நாலு உதை உதையுங்கள்.

பெரியவன் புதிதாகப் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சாகணும் என்பதுபோல் பேசினாலோ விளையாட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாமா வந்து தொந்தரவு செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098. செலவுக்கு ஒன்று: மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், உறவினரிடம் வளரும் பிள்ளைகள் சிலருக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்த் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக ஷூ. இப்போது புதிது வேண்டாம். பத்து வயதுக் கால் சீக்கிரமே அடுத்த சைஸுக்குப் போய்விடும். பெரிய பையன்கள் கழித்துப்போட்டது இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள், மைதானங்களில் ஷூ கைமாறிக்கொண்டேதான் இருக்கும். போட்டுப் பார்க்கும்போது ஆடுகிற சாக்ஸோடு நிற்கச் சொல்லி, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பழசுதானே என்று முகம் சுளித்தால் லேஸ் மட்டும் புதிதாக வாங்கிக் கொடுங்கள், கலரை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.