மூதூர் கிறவல் வீதிக்கு ஏன் காசு வரவில்லை

300 கையொப்பத்தோடு மனுக் கொடுத்தும் உங்கள் ஊரின் 2 கிலோமீற்றர் கிறவல் வீதி 3 வருடமாகத் திருத்த வேலைப் பட்டியலில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அது யாருடைய வீதி என்று பாருங்கள். ஏ, பி தரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மிச்சம் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. பிழையான கந்தோருக்குப் போன மனு அங்கேயே கிடக்கும்.

எந்த வீதியை முதலில் திருத்துவது என்று புள்ளி போடும்போது கையொப்பம் பெரிதாக எடுபடாது. எத்தனை வாகனம் போகிறது, விபத்து நடந்ததா, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேறு வழி உண்டா, மாரியில் எத்தனை நாள் துண்டிக்கப்படுகிறது, ஆகும் செலவுக்கு எத்தனை பேர் பயனடைவார்கள், காணிப் பிரச்சினை இல்லாமல் உடனே வேலை தொடங்கலாமா என்பது போன்றவைதான் பெரும்பாலும் கணக்கு. வாகனத்தை மட்டும் எண்ணினால் சைக்கிளிலும் நடந்தும் போகிற நம் ஊர்கள் எப்போதும் தோற்கும், எனக்கு இதில் நிறையக் கோபம் உண்டு. அதனால்தான் நாங்கள் காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை எங்கள் ஊர் மதகடியில் கொப்பியோடு இருந்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்த பிள்ளைகளையும் ஒவ்வொருவராக எண்ணி எழுதினோம்.

சரி, நீங்களும் எண்ணுங்கள். திகதி போட்ட மழைக்காலப் படங்களும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் சேர்த்துப் பிரதேசத்தின் அபிவிருத்தி வேலைகளைப் பேசும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் வீதிக்கு என்ன புள்ளி, எதில் குறைந்தது என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். முழு வீதியும் கிடைக்காவிட்டால், உங்கள் வீதியில் மதகு இருந்தால் அதை மட்டுமாவது தனியாகக் கேளுங்கள், செலவு குறைவு.