முதலாண்டிலேயே தலைமைப் பண்புப் பயிற்சி தேவையா?

காசு கட்டி இரண்டு நாள் லீடர்ஷிப் பயிற்சிக்குப் போவதா, கல்லூரியின் என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டத்தில்) பெயர் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள். என்.எஸ்.எஸ்.ஸில் சேருங்கள். பதில் அவ்வளவுதான், மீதியெல்லாம் என் கதை.

1969 முதல் நடக்கிற திட்டம் அது. இரண்டு வருடத்தில் 240 மணி நேர சேவை, அப்புறம் ஏழு நாள் சிறப்பு முகாம். தலைமைப் பண்பு என்று யாரும் பாடம் எடுக்க மாட்டார்கள். குப்பை பொறுக்குகிற கூட்டம் என்று கேலி வேறு செய்வார்கள். பாதி உண்மைதான். ஆனால் முகாம் வேறு மாதிரி.

எங்கள் முகாம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நடந்தது. எனக்குச் சாப்பாட்டுக் குழுப் பொறுப்பு. ஒரு நாள் விடிந்ததும் குழாயில் தண்ணீர் இல்லை. திட்ட அலுவலர் சார் போய்க் கேட்டதற்கு, "மேலிடத்து லெட்டர் கொண்டாங்க சார்" என்று முறுக்கிக்கொண்டார் டேங்க் ஆபரேட்டர். அப்புறம் நான் போனேன். "அண்ணே, நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?" என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். முந்தின நாள் எங்கள் பையன்கள் சாக்கடை தூர்வாரி, அள்ளிய மண்ணை அப்படியே வால்வுக் குழிமேல் போட்டிருக்கிறார்கள். பையன்களோ இரண்டாமாண்டு, முதலாண்டுப் பெண் சொல்லி எழுந்திருப்பார்களா? "தண்ணி வராட்டி இன்னைக்குப் பொங்கல் கிடையாது" என்றேன். மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாக நாலு பேர் வந்துவிட்டார்கள். அவர் வால்வைத் திறந்துவிட்டுப் பொங்கலும் சாப்பிட்டுப் போனார்.

காசு கட்டும் பயிற்சியெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை; பயிற்சியாளர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மேடை பயம் போக அது உதவும், நானும் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். பேப்பர் கப்பில் கோபுரம் கட்டச் சொன்னார்கள். கோபுரம் விழுந்தால் கைதட்டுவார்கள். அங்கே யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை, பசியும் இல்லை. அதில் என்ன பழகுவது என்பதுதான் என் கேள்வி. எல்லாக் கல்லூரி என்.எஸ்.எஸ்.ஸும் ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். சில இடங்களில் பேனர் பிடித்துப் படம் எடுத்ததோடு முகாம் முடிந்துவிடும். ஏழு நாளும் ஊரிலேயே தங்கினார்களா என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முகாம் நாட்களுக்கு ஓ.டி. உண்டு, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு என்றார்கள். கடிதம் துறை அலுவலகத்தில் எங்கேயோ காணாமல் போய், வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டிய பிறகுதான் எனக்கு ஹால் டிக்கெட் தந்தார்கள். ஊருக்குச் சாக்கடை தூர்வாரியவர்களுக்கு அபராதம்! பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை. ஓ.டி. படிவத்தில் கையெழுத்து வாங்கிய கையோடு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.