வசனம் தெரிந்த மகன் ஏன் ஜெபிக்க மறுக்கிறான்?

கேள்வி: எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி என்றால் சின்ன வயதிலிருந்தே மகனுக்குத்தான் முதல் பரிசு. சென்ற வருடம் என் மாமனார் நோயில் படுத்திருந்தபோது குடும்பமாக உபவாசம் இருந்து ஜெபித்தோம். ஆனாலும் அவர் இறந்துவிட்டார். அதிலிருந்து மகன் மாறிவிட்டான். "ஜெபம் பண்ணி என்ன ஆச்சு?" என்று கேட்கிறான். குடும்ப ஜெபத்துக்கு வந்து உட்காருகிறான், ஆனால் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் தேர்வில் காப்பி அடித்து மாட்டிக்கொண்டான். "நாலு அடி போட்டுச் சபைக்கு இழுத்துக்கொண்டு போனால் சரியாகிவிடும்" என்கிறார் கணவர். மகளும் நாளை இப்படி ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளைகளின் வாழ்க்கையைக் கிறிஸ்துவின் மேல் கட்ட நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் மகன் விசுவாசத்தை விட்டுவிட்டான் என்று இந்தக் கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். தாத்தாவைப் பறிகொடுத்த பையன் கேள்வி கேட்கிறான், அதையும் வெளியே யாரிடமோ போய்க் கேட்காமல் உங்களிடமே கேட்கிறான், பிடிக்காவிட்டாலும் ஜெபத்துக்கு வந்து உட்காருகிறான். ஆண்டவரைப் பற்றி அக்கறையே இல்லாதவன் இவ்வளவு கோபப்பட மாட்டான். அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஆரம்பித்தால் அப்போதுதான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

கிறிஸ்துவின் மேல் கட்டுவது என்று எழுதியிருக்கிறீர்கள். கன்மலையின்மேல் வீடு கட்டியவனையும் மணலின்மேல் கட்டியவனையும் பற்றி மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை உங்கள் பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும். அதில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேருமே வார்த்தையைக் கேட்டவர்கள். மணலில் கட்டியவனும் அதே பிரசங்கத்தைத்தான் கேட்டான், யார் கண்டது, ஒரு வசனம் விடாமல் ஒப்பிக்கக்கூடத் தெரிந்தவனாக இருந்திருக்கலாம். மழை, வெள்ளம், காற்று எல்லாம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுபோலத்தான் வந்தன. கேட்டதன்படி செய்தானா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். அதோடு இந்தக் கதை எங்கே வருகிறது பாருங்கள், மலைப்பிரசங்கத்தின் கடைசியில். அப்படியானால் "இந்த வார்த்தைகள்" என்று இயேசு சொன்னது முந்தைய மூன்று அதிகாரங்களை: சகோதரனோடு ஒப்புரவாகு, உள்ளதை உள்ளதென்று சொல், சத்துருவைச் சிநேகி, அந்தரங்கத்தில் ஜெபி, நாளைக்காகக் கவலைப்படாதே. எல்லாமே நாள்தோறும் வீட்டிலும் பள்ளியிலும் செய்து பார்க்க வேண்டியவை.

அதனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது காப்பி அடித்த விஷயம். அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் சபைக்குப் போய்விட்டீர்கள். எனக்கென்னவோ அஸ்திபாரம் போட வேண்டிய இடமே அதுதான் என்று தோன்றுகிறது. அவனை உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல், "எதற்குப் பயந்து காப்பி அடித்தாய்?" என்று கேட்டீர்களா? பெரும்பாலும் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயம்தான் காரணமாக இருக்கும். அப்படி அவன் சொன்னால், மதிப்பெண்ணை அவ்வளவு பெரிதாக்கியது யார் என்று நீங்களும் கணவரும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்" என்று படிக்கிறோம், திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் முதலாவது எது என்பதைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்புறம் அவனோடு கூடப் போய் அந்த ஆசிரியரைப் பாருங்கள். மன்னிப்பு அவன் கேட்கட்டும், பூஜ்யம் போட்டாலும் வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் அவன் பக்கத்தில் நில்லுங்கள், அவனுக்காகப் பேசவும் வேண்டாம், அவனைத் திட்டவும் வேண்டாம். திரும்பி வரும்போது, "கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் உண்மையைச் சொன்னாய், எனக்குச் சந்தோஷம்" என்று சொல்லுங்கள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்ற வசனம் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். அதன்படி நடந்து பார்ப்பது அன்றைக்குத்தான்.

மனப்பாடம் வீண் என்று சொல்ல வரவில்லை. பவுலோடு ஊழியம் செய்த இளைஞன் தீமோத்தேயு சிறு வயதிலிருந்தே வேத எழுத்துகளை அறிந்தவன் என்று பவுலே எழுதுகிறார். இயேசு சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. உயிர் போகிற வேதனையில் அவர் வாயில் வந்தது வேதவசனம். உள்ளே போட்டு வைத்த வசனம் ஒருநாள் எழுந்து வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பரிசு வாங்குவதற்காக மட்டும் படித்த வசனம் அடியில் இறங்க நாளாகும். இதே கதையை லூக்கா சொல்லும்போது அந்த மனுஷன் "ஆழமாய்த் தோண்டி" அஸ்திபாரம் போட்டான் என்கிறார். தோண்டுகிற காலத்தில் மேலே சுவர் எதுவும் எழும்பாது, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். உங்கள் மகன் இப்போது அந்த நிலையில் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

இனி தாத்தா விஷயம். "நாம் விசுவாசத்தோடு ஜெபிக்கவில்லை" என்று தயவுசெய்து அவனிடம் சொல்லாதீர்கள், அது ஒரு மரணத்தின் பாரத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதாகும். "தேவசித்தம், கேள்வி கேட்காதே" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். சிலுவைப் பாடு என்கிற பாத்திரம் தன்னைவிட்டு நீங்கும்படி கெத்செமனேயில் இயேசுவே ஜெபித்தார், அது நீங்கவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அவன் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். இவை இரண்டையும் அவனோடு சேர்ந்து வாசியுங்கள், வாசித்துவிட்டு விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். "தாத்தா ஏன் பிழைக்கவில்லை என்று எனக்கும் தெரியாது, எனக்கும் வலிக்கிறது" என்று நீங்கள் சொன்னால் அவன் விசுவாசம் குறைந்துவிடாது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார், துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றி அவனிடம் பேசுங்கள், கண்டிப்பாகப் பேச வேண்டும், ஆனால் முதலில் கூட உட்கார்ந்து அழுதுவிட்டுப் பேசுங்கள்.

அவன் வாயைத் திறந்து ஜெபிக்கவில்லை என்றால் 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. ஆறே வசனம். கோபத்தோடும் தேவனிடம் பேசலாம், அப்படிப் பேசியதை வேதாகமமே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்று பதினான்கு வயதில் தெரிந்துகொள்வது பெரிய பலம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கிற ஜெபமெல்லாம் பெரும்பாலும் விண்ணப்பமாகவே இருக்கிறது: தேர்வு, வேலை, சுகம். கேட்டால் கிடைக்கும் என்பதே அவர்கள் மனதில் அஸ்திபாரமாக இறங்கிவிட்டால், கிடைக்காத அன்றைக்கு வீடு ஆடத்தான் செய்யும். சும்மா நன்றி சொல்கிற ஜெபம், தப்பை ஒத்துக்கொள்கிற ஜெபம், அடுத்த வீட்டுக்காரருக்காக ஏறெடுக்கிற ஜெபம் எல்லாம் அவர்கள் காதில் விழட்டும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அவருடைய கவலை நியாயமானது. தன் பிள்ளைகள் தப்பு செய்வது தெரிந்தும் ஆசாரியன் ஏலி அவர்களை அடக்கவில்லை என்பதைக் கர்த்தர் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் கண்டிப்பு வேண்டும். ஆனால் "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்பதும் தகப்பன்மாருக்கு எழுதப்பட்டதுதான். அடித்தால் கால் சபைக்கு வரும், மனது வருமா? என் கருத்து இதுதான்: ஞாயிறு ஆராதனைக்குக் குடும்பமாகப் போவது வீட்டு ஒழுங்கு, அதை விட வேண்டாம், பதினான்கு வயதுக்கு அந்த எல்லை தேவை. ஆனால் சத்தமாக ஜெபி, சாட்சி சொல் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். வயது வந்துவிட்டது, கூடப் படித்தவர்கள் எல்லோரும் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக ஞானஸ்நானத்துக்கோ திடப்படுத்தலுக்கோ தள்ளிவிடவும் வேண்டாம். அது அவனே சொல்ல வேண்டிய "ஆம்".

அவனை அடிப்பதைவிடக் கடினமான வேலை ஒன்று கணவருக்கு இருக்கிறது. சாயங்காலம் வீட்டில் ஒரு சண்டை, கத்தல் என்று வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே குரல் "வாங்க, ஜெபம் பண்ணலாம்" என்று கூப்பிடுகிறது, வேதாகமம் திறக்கிறது, யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, பல வீடுகளில் நடக்கிறது. அந்த நேரத்தில் தகப்பன் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டு, "நான் அப்படிக் கத்தியது தப்பு, என்னை மன்னித்துவிடு" என்று மகனிடம் சொன்னால், காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்பாக வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனத்துக்கு அதைவிடப் பெரிய விளக்கம் கிடையாது. அன்றைக்கு வேறு எதுவும் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

குடும்ப ஜெபத்தைச் சுருக்குங்கள். பத்து நிமிடம் போதும். மாற்கு சுவிசேஷத்தை எடுத்து ஒரு நாளுக்கு ஒரு சம்பவம் வாசித்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேளுங்கள், எல்லாக் கேள்விக்கும் அன்றைக்கே பதில் வர வேண்டியதில்லை. 1529-இல் மார்ட்டின் லூத்தர் தன் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி, கேள்வியும் பதிலுமாகத்தான் எழுதினார். ஞாயிறு பள்ளி இயக்கம் பரவியதெல்லாம் 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிறகுதான். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் நல்ல உதவியாளர்கள், ஆனால் உபாகமம் சொல்கிற உட்காருகிறபோதும் நடக்கிறபோதும் படுக்கிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பிள்ளையோடு இருப்பது நீங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா வெஸ்லி, அத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கி வைத்திருந்தார். ஜானுடைய நாள் வியாழன். வளர்ந்து ஆளான பிறகும் அந்த வியாழன் மாலையை நினைத்து ஜான் வெஸ்லி தாய்க்கு எழுதியிருக்கிறார். உங்கள் மகனுக்கும் அப்படி ஒரு மாலை கொடுங்கள், புத்திமதி இல்லாத மாலை.

மகளைப் பற்றி. எட்டு வயதுப் பிள்ளையை அடக்குவதற்கு "இயேசப்பா கோபப்படுவார்" என்று சொல்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் இயேசு விசனமடைந்தது அவர்களைத் தடுத்தவர்கள்மேல்தான். அவளுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுங்கள்: யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருவது, தன்னிடம் இருப்பதில் பங்கு கொடுப்பது, சண்டை போட்ட தோழியிடம் முதலில் போய்ப் பேசுவது. அண்ணனைப் பற்றி அவள் காதுபட வருத்தப்பட வேண்டாம்.

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற நீதிமொழி ஞானமான வார்த்தை, ஆனால் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதப் பத்திரம் அல்ல. பின்னாளில் பெரிய சபைப் போதகரான அகஸ்டின், மோனிக்காளின் மகன், பல வருடம் வேறு வழியில் போனான். அவனோடு பேசி மனதை மாற்றுங்கள் என்று அவள் ஒரு ஆயரிடம் கெஞ்சியபோது, இப்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்று அவர் மறுத்துவிட்டார். அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றது 387-இல், 32 வயதில், அதே வருடம் மோனிக்காள் இறந்துபோனாள். எல்லாத் தாய்மாரும் கண்ணால் பார்த்துவிட்டுப் போவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். விசுவாசத்தைக் கொடுக்கிறவர் தேவன். உங்கள் பங்கு உண்மையாக வாழ்ந்து காட்டுவதும் விடாமல் ஜெபிப்பதும்.

கடைசியாக, தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் அவன் தாய் ஐனிக்கேயாளை மட்டும் சொல்லாமல் பாட்டி லோவிசாளையும் சொல்கிறார். பிள்ளைக்குப் பெற்றோரைத் தவிர இன்னொரு பெரியவர் வேண்டும். உங்கள் மகனுக்கு அது அவன் தாத்தாவாகவே இருந்திருக்கலாம், அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. சபையில் அவன் மதிக்கிற ஒருவர், வாலிபர் கூட்டத்து அண்ணனோ வயதான ஒருவரோ, இருந்தால் அவனோடு பழகச் சொல்லுங்கள். "இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தாத்தாவைத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, அவரைப் பற்றி அவனிடம் பேசட்டும்.