பித்தப்பைக் கல்: பையையே எடுக்க வேண்டுமா?

"கல்லை மட்டும் எடுத்தால் போதாதா, அம்மாவுக்குப் பையையே ஏன் எடுக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். கல் உருவாவதே அந்தப் பையில்தான். விட்டுவைத்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்துவைக்கிற இடம், அவ்வளவுதான். எடுத்த பிறகு பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும்.

1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் குழல் கேமரா வழியாகப் பார்த்து, இதைச் செய்தபோது சக மருத்துவர்களே ஏற்கவில்லை. இன்று அதுதான் வழக்கமான முறை.

எனக்குப் போன வருடம் செய்தார்கள். வயிற்றில் நாலு சின்னத் தையல். ஆனால் மறுநாள் வலித்தது வலது தோள்பட்டை! மாரடைப்போ என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் நர்ஸ் சொன்னார்: வயிற்றை உப்பவைக்க ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது, அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துப் பகுதியிலிருந்தே கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறது. எழுந்து நடக்க நடக்க இரண்டு நாளில் போய்விட்டது. அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

"தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம்" என்று கையெழுத்து வாங்குவார்கள், பதற வேண்டாம். வீக்கத்தில் பித்தக்குழாய் சரியாகத் தெரியாவிட்டால் திறப்பதுதான் பாதுகாப்பு. வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.