கதைசொல்லிகளின் தெரு

அன்புள்ள அண்ணா,

எல்லைக் காந்தி கான் அப்துல் கஃபார் கானைப் பற்றி எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று தேடியபோது பஷீர் அகமது பிலோர் என்ற பெயர் கண்ணில் பட்டது. பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து ஐந்து முறை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனவர், மூத்த அமைச்சர், 2012இல் தற்கொலைத் தாக்குதலில் இறந்தவர். அவ்வளவு மிரட்டல் இருந்தும் கூட்டங்களுக்குப் போனது வீண் வீரம் இல்லையா? அவருடைய அண்ணனோ நபிகளை இழிவுபடுத்திய படத்தை எடுத்தவரைக் கொன்றால் பரிசு என்று அறிவித்தவர். அப்புறம் மகன், மருமகள் என்று வாரிசு அரசியல் வேறு. இவர்களா எல்லைக் காந்தியின் வழிவந்தவர்கள்?

அன்புள்ள தம்பி,

எந்தப் புத்தகம் என்று வேறொரு நாள் எழுதுகிறேன். டிசம்பர் வந்தாலே எனக்கு இந்த மனிதரின் நினைவு வரும், நீங்களும் சரியாக இப்போது எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணன் குலாம் அகமது பிலோர் மத்திய ரயில்வே அமைச்சராக இருந்துகொண்டு அப்படி அறிவித்தது அசிங்கம்தான். அது தன் நிலைப்பாடல்ல என்று கட்சியே சொன்னது. அதைத் தம்பி கணக்கில் எழுதாதீர்கள். வாரிசு அரசியலா? மகன் ஹாரூன் 2018 ஜூலை 10 அன்று பெஷாவரின் யக்காதூத்தில் பிரசாரத்துக்குப் போன இடத்தில் அப்பாவைப் போலவே கொல்லப்பட்டார். தள்ளிவைத்த தேர்தலில் மருமகள் சமர் நின்று அக்டோபரில் ஜெயித்தார். அந்த வீட்டைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் 'வீண்' என்று எழுதினீர்களே, அதை விட மாட்டேன். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

2008இல் பிலோரின் கட்சி, எல்லைக் காந்தியின் மகன் தொடங்கிய அவாமி தேசியக் கட்சி, அந்த மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தபோது தாலிபான்கள் ஸ்வாத் பள்ளத்தாக்கைக் கிட்டத்தட்டப் பிடித்திருந்தார்கள். 2009இல் மட்டும் அந்தக் கட்சியின் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களைக் கொன்றார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பெஷாவரின் நமக் மண்டியில் பிலோரையே குறிவைத்தார்கள், தப்பினார். அக்டோபரில் அதே ஊரின் மீனா பஜாரில் குண்டு வெடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குண்டு வைத்தவனுக்கு வேண்டியது என்ன? ஜனங்கள் கடைத்தெருவுக்கு வரக் கூடாது, கட்சிக்காரன் வெளியே தலை காட்டக் கூடாது. பிலோர் கையில் இருந்தது உள்ளாட்சித் துறை, அதாவது சாக்கடையும் குடிநீரும். அவர் கோட்டைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவரோ எங்கே வெடித்தாலும் அங்கே போய் நின்றார், காயம்பட்டவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார், கேமரா முன்னால் தாலிபான் பெயரைச் சொல்லியே திட்டினார். பலர் யாரோ மர்ம நபர்கள் என்று மழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அமைச்சரே வராத தெருவில் காய்கறிக்காரன் மட்டும் எந்தத் தைரியத்தில் கடை போடுவான், சொல்லுங்கள்.

2012 டிசம்பர் 22 அன்று கிஸ்ஸா கவானி பஜார் பக்கம் ஒரு கட்சிக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதுதான் அவரைக் கொன்றார்கள். கூட எட்டுப் பேர், அவருடைய செயலாளரும் ஒரு போலீஸ் அதிகாரியும் உட்பட. அந்த எட்டுப் பேரை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தெரு எது தெரியுமா? கிஸ்ஸா கவானி என்றால் கதைசொல்லிகள். 1930 ஏப்ரல் 23 அன்று எல்லைக் காந்தியின் ஆட்கள் கையில் ஆயுதமில்லாமல் நின்று ஆங்கிலேயரின் குண்டை வாங்கியது அங்கேதான். சுட மாட்டோம் என்று ஆங்கிலேயப் படையிலிருந்த கர்வாலிச் சிப்பாய்கள் துப்பாக்கியை இறக்கியதும் அங்கேதான். வழிவந்தவரா என்று கேட்டீர்களே!

பிலோர் கொல்லப்பட்ட அன்றிரவு நான் ஷார்ஜாவில் இருந்தேன். எங்கள் கம்பெனி வண்டியை ஓட்டியவர் பெஷாவர்க்காரர், கான் பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருடைய தம்பிக்கு அந்த பஜாரில் செருப்புக் கடை. டிவியில் செய்தி ஓட ஓட, கஹ்வா என்கிற பச்சைத் தேநீர் டம்ளரைக் கீழே வைக்காமலே ஒரு கையால் போனை அழுத்திக்கொண்டிருந்தார். லைன் கிடைக்கவில்லை. கஹ்வா ஆறிப்போனது. நள்ளிரவுக்குக் கிட்டத்தில் தம்பியின் குரல் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிஷம் பஷ்தோவில் பேசினார். என்ன கேட்டீர்கள் என்றேன். இந்தியில் சொன்னார்: "கடையை எப்போது திறப்பாய் என்று கேட்டேன். துக்கம் முடிந்ததும் திறக்கிறேன் என்கிறான்."