நாலு பேருக்கு ரெண்டாயிரம் ரூபாயில் ஒரு சாகசம்

கேள்வி: வீட்டில் நாங்கள் இருவர், எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் பிள்ளைகள் இருவர். ‘அட்வென்ச்சர் கேம்ப்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். தலைக்கு 2,800 ரூபாய். கயிற்றில் தொங்குவது, டயர் ஏறுவது, ராத்திரி கேம்ப் ஃபயர். அவ்வளவு பணம் எங்களால் முடியாது. ரெண்டாயிரத்துக்குள், பிள்ளைகள் மறக்காதபடி வேறு ஏதாவது உண்டா?
(வாசகி, ஆம்பூர்)

பதில்: ஆம்பூர்க்காரர் கேட்பதால் முதலில் காவலூரைத்தான் சொல்வேன். வாணியம்பாடி போய், ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நிறுவிய காலத்தில் இந்தியாவிலேயே பெரியது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதை 1977-இல் உலகுக்குக் காட்டிய அவதானிப்புகளில் காவலூரில் செய்ததும் ஒன்று. அப்படிப்பட்ட இடம் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்குக் கதவு திறக்கிறது. இருட்டிய பிறகு, மேகம் இல்லையென்றால், சிறிய தொலைநோக்கி ஒன்றில் வானத்தையும் காட்டுகிறார்கள். பெரிய செலவு பயணம்தான்.

கிளம்புமுன் காலண்டரைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாக இருக்கட்டும். தை, மாசி மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். இரவு திரும்ப பஸ் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வண்டி பேசினால் ரெண்டாயிரத்துக்குள் அடக்கலாம். வானாய்வகம் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இன்னொன்றும் உண்டு, ஆமை நடை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ராத்திரியில் கரையேறும். 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு, வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறது. பொதுமக்களும் கூட நடக்கலாம். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். சில ராத்திரி விடிய விடிய நடந்தும் ஒரு ஆமைகூட வராது. ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு அந்தத் தூரம் அதிகம். பெரியவனை மட்டும் அழைத்துப் போங்கள். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

அந்த கேம்ப்பை நான் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் 2,800-இல் எவ்வளவு சாப்பாட்டுக்கு, எவ்வளவு பயிற்சி பெற்ற ஆளுக்கு, எவ்வளவு கயிறு, ஹெல்மெட்டுக்கு என்று கேளுங்கள். பதில் வராத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப எனக்கு மனசு வராது.

கேள்வி: ஆன்லைனில் ‘525 மடங்கு பெரிதாக்கும்’ தொலைநோக்கி 2,300 ரூபாய்க்கு இருக்கிறது. மொட்டை மாடியில் வைத்துப் பார்க்க வாங்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வாங்க வேண்டாம். நானும் பல வருடம் முன்பு இப்படி ஒன்றை வாங்கினேன். நிலாவைப் பிடிப்பதற்குள் ஸ்டாண்ட் ஆடி ஆடிக் கை ஓய்ந்தது. பெட்டியைத் திறந்த ஆவல் ரெண்டே நாளில் என் மகளுக்குப் போய்விட்டது. அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

எத்தனை மடங்கு என்பதை விட்டுவிட்டு, முன்பக்கக் கண்ணாடியின் விட்டத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு ரெண்டு மடங்கு, அதுதான் உச்சவரம்பு. 50 மி.மீ. கண்ணாடி என்றால் நூறு மடங்கு. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிவிடும். 525 மடங்கு என்பது பெட்டி மேல் மட்டும்தான்.

அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 10x50 பைனாகுலர் வாங்குங்கள். பத்து மடங்கு, 50 மி.மீ. கண்ணாடி என்று அர்த்தம். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் ஐந்து. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மி.மீ., இருட்டில் விரிந்த கண்மணிக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள், பக்கத்தில் புள்ளி புள்ளியாக அதன் நிலாக்கள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்ட அதே நாலு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு மீன். இதில் டஜன் கணக்கில் தெரியும். சனியின் வளையம் மட்டும் இதில் தெரியாது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

‘100x70’ என்றெல்லாம் கையில் பிடிக்கும் பைனாகுலரில் எழுதியிருந்தால் ஒதுக்குங்கள். முடிந்தால் கடைக்கே போய், தூரத்துப் பலகை ஒன்றைப் பார்த்து எழுத்து ரெட்டையாகத் தெரிகிறதா என்று சோதியுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், வந்த அன்று ராத்திரியே இந்தச் சோதனை. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை செல்போனைத் தொடாதீர்கள். சூரியனை இதில் பார்க்கவே கூடாது, பார்வை போய்விடும். பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு குழு 799 ரூபாய்க்கு மலையேற்றம் கூட்டிப் போகிறது. நம்பலாமா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாதை, எந்தத் தேதி, எத்தனை பேர் என்பது அதில் இருக்க வேண்டும். ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்றால் விட்டுவிடுங்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். அந்த மாதங்களில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். காட்டை அறிந்த உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டுகிறார்கள். 799-ஐவிடக் கூடுதலாக ஆகலாம். வழிகாட்டிக்குப் போகிற காசு அது, தயங்காமல் கொடுங்கள். நல்ல பிடிப்புள்ள பழைய ஷூ இருந்தாலே எளிய பாதைக்குப் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

கேள்வி: பரிசல் பயணத்துக்கு முன்பணம் கட்டினேன். அவர்களே ரத்து செய்துவிட்டு, ‘பணம் திரும்பக் கிடையாது என்று ரசீதில் இருக்கிறது’ என்கிறார்கள்.
(வாசகர், சேலம்)

பதில்: ரத்து செய்தது அவர்கள். சேவையே தராமல் பணத்தை வைத்துக்கொள்ள அந்த ஒரு வரி போதாது. முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் சான்றுதான். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. ரெண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ரசீதை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் மை சீக்கிரம் அழிந்துவிடும்.