முதல் நாற்காலி யாருக்கு?

கேள்வி: எங்கள் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு நாலு பேரை அழைத்திருக்கிறோம். ஒருவர் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. செய்தவர், ஒருவர் எம்.டி. முடித்த வைத்திய நிபுணர், ஒரு தங்கச்சி ரஷ்யாவில் எம்.டி. படித்துவிட்டு இப்போதுதான் வந்தவ, நாலாமவர் சமூக சேவைக்காக டொக்டர் பட்டம் பெற்ற வர்த்தகர். நாலு பேருக்கும் ‘கலாநிதி’ போட்டு அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தாச்சு. யார் பெயர் முதலில் என்று செயற்குழுவில் சண்டை. எந்தப் பட்டம் பெரியது?
— செயலாளர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அச்சுக்குக் கொடுத்துவிட்டு ஆலோசனை கேட்பது நம் சங்கங்களின் வழக்கம்தானே, பரவாயில்லை. ஆனால் கேள்வியே பிழை. பட்டம் பெரிதா சிறிதா என்பதை விட்டுவிட்டு, அதை வாங்க அந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்டிருந்தால் உங்கள் கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.

முதலில் அந்தத் தங்கச்சி. ரஷ்யாவில் ஆறு வருடம் படித்து வாங்கும் எம்.டி., இங்குள்ள எம்.பி.பி.எஸ். மாதிரி வைத்தியராவதற்கான முதல் பட்டம். இங்கே வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மருத்துவச் சபை வைக்கும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் பாஸாகி (பழைய ஆட்களுக்கு அது இன்னமும் ‘ஆக்ட் 16’), இன்டர்ன்ஷிப்பும் முடித்தால்தான் முழுப் பதிவு. அமெரிக்க எம்.டி.யும் முதல் பட்டம்தான், என்ன, அவர்கள் வேறொரு டிகிரியை முடித்துவிட்டு அதற்குள் போவார்கள். உங்கள் நிபுணரின் எம்.டி. கதையே வேறு. எம்.பி.பி.எஸ்., இன்டர்ன்ஷிப் எல்லாம் முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துக்குத் தெரிவுப் பரீட்சை எழுதி, வருடக்கணக்கில் வார்டிலேயே கிடந்து, எம்.டி. பரீட்சையில் தேறி, அதற்குப் பிறகும் பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி என்று அலைந்து, நிபுணர் என்று அந்த நிறுவனம் கொடுக்கும் சபைச் சான்று (போர்ட் சர்டிபிகேஷன்) வாங்கின பிறகுதான் அவர் கன்சல்டன்ட். பிரிட்டனில் எம்.டி. என்றால் இன்னொன்று: வைத்தியரான பிறகு ஆய்வு செய்து தீசிஸ் எழுதி வாங்குவது. நாலு நாட்டிலும் எழுத்து அதே இரண்டுதான்.

எம்.பி.பி.எஸ்.காரரை டொக்டர் என்பது தொழிலுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து பி.எஸ்.எம்.எஸ்.ஸோடு வரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இரண்டும் இளமாணிப் பட்டங்களே. பிரிட்டனில் சத்திரசிகிச்சை நிபுணரானதும் டொக்டரை விட்டுவிட்டு மறுபடியும் மிஸ்டர் ஆகிவிடுவார்கள், அதில் பெருமை வேறு. நம் செயற்குழுக்கள் தாங்குமா?

பி.எச்டி., அதாவது கலாநிதிப் பட்டம், அப்படியல்ல. தன் துறையில் முன்பு யாரும் காட்டாத ஒன்றை ஆதாரத்தோடு காட்டி, தீசிஸாக எழுதி, பரீட்சகர்களுக்கு முன்னால் இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு தப்பி வருவதற்குப் பெயர்தான் அது. நம் இலக்கிய விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் செய்தது இதைத்தான். ஆக்ஸ்ஃபோர்டில் டி.ஃபில். என்பார்கள், சரக்கு ஒன்றுதான். இ.டி.டி. (கல்வித்துறை), டி.பி.ஏ. (வணிக நிர்வாகம்) என்று வருபவற்றிலும் தீசிஸ் உண்டு, ஆனால் பாடங்களும் படித்து, தான் பார்க்கும் தொழிலிலுள்ள பிரச்சினையையே ஆராய்வார்கள்.

சண்டை பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். பட்டங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பி.எச்டி.யும், சபைச் சான்றோடு கூடிய எம்.டி.யும் ஒரே 12ஆம் படியில் இருக்கின்றன. அரசாங்கமே பெரியது சிறியது பார்க்கவில்லை.

இனி நாலாமவர். கௌரவப் பட்டம் கேவலமில்லை. கல்லூரியில் படித்து ஒரு பட்டமும் வாங்காத உ.வே.சாமிநாதையருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டி.லிட். கொடுத்தது, இன்றைக்கும் டொக்டர் உ.வே.சா. என்கிறோம், யாருக்கும் உறுத்தவில்லை. பொதுவாக, கௌரவப் பட்டம் பெற்றவர் அதைப் பெயருக்கு முன்னால் போடுவதில்லை என்பது பல்கலைக்கழக உலகத்து வழக்கம். உங்கள் வர்த்தகர் விஷயம் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. நீங்கள் அனுப்பின அழைப்பிதழில் மற்ற மூவருக்கும் படித்த இடம் இருக்கிறது. இவருக்கு மட்டும் பொன்னெழுத்தில் கலாநிதி, பக்கத்தில் தொப்பியும் அங்கியுமாக ஒரு படம், கொடுத்தது யார் என்று ஒரு வரி இல்லை. ஹோட்டல் மண்டபத்தை ஒரு பின்னேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, காசு கட்டினவர்களுக்கெல்லாம் அங்கி மாட்டி அனுப்பும் ‘பல்கலைக்கழகங்கள்’ இருப்பது உங்களுக்குத் தெரியாததா? பெயரைக் கேளுங்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரம் உள்ள இடமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். கேட்டவுடன் ஆள் கோபித்தால் விசாரிக்கிற வேலையும் மிச்சம்.

ஆக, பி.எச்டி.காரருக்குக் கலாநிதி, மற்றவருக்கு வைத்திய நிபுணர், தங்கச்சிக்கு, ஈ.ஆர்.பி.எம். முடித்திருந்தால், வைத்தியர், வர்த்தகருக்குத் திரு. பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். இரண்டாம் தரம் அச்சடிக்கும் காசை யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் என்னிடம் கேட்டு எழுதாதீர்கள்.